பச்சையுணவும் பக்குவமும்

உடம்பாவது உயிர்க்கு இறைவன் அளித்த கருவி என்பது சைவசித்தாந்தத் துணிபு. ஆணவ இருளில் அழுந்திக் கிடக்கும் உயிர்க்கு, ஞாயிறு தோன்றுமளவும் விளக்குப்போல் உதவுவன மாயையினின்றும் தோன்றிய தனு கரண புவன போகங்கள் என ஆசிரியன்மார் விளக்குவர். விளக்கையே ஞாயிறென மயங்குதல் அறியாமை. விளக்கிற்கு எண்ணெய் வாராது அவியவிடுதலும் அறியாமையே. உடம்பை ஓம்புமிடத்தும் இவ்விரு குற்றமும் அணுகாவண்ணம் நடுநின்று ஒழுகுதல் சைவர் கடனாம். மறைமலையடிகளார் மக்கள் நூறாண்டு உயிர்வாழும் வகையினைத் தனிநூலாகவே எழுதியதும், திருமூலர் உடம்பைப் பேணுதலை யோகநெறியோடு இயைத்துக் கூறியதும் இக்கருத்துப் பற்றியே என்க.

இந்நாளில், தீயிற் சமையாத காய், கனி, இலை, முளைகட்டிய பயறு முதலியவற்றை நாடோறும் உண்ணும் உணவில் மிகுதியாகச் சேர்த்தல் வேண்டும் என்னும் கொள்கை பரவி வருகின்றது. சமைத்த உணவனைத்தையும் நஞ்சென விலக்கிப் பச்சையுணவே உண்டு வாழ்தல் வேண்டும் என்பாரும் உளர். பச்சையுணவு விலங்கிற்கே உரியது என இகழ்ந்து, காயும் கீரையும் நிறமும் மணமும் இழக்குமளவும் வேகவைத்துண்பாரும் உளர். இவற்றுள் எது கொள்ளத்தக்கது, எவ்வளவிற் கொள்ளத்தக்கது என்பது ஆராயற்பாலது.

காட்டுப்பள்ளி என்றவளவிற் சைவ நன்மக்கட்குச் சோழநாட்டுத் தேவாரத் தலங்கள் இரண்டு நினைவிற்கு வரும். ஒன்று திருவெண்காட்டினருகே உள்ள கீழைத் திருக்காட்டுப்பள்ளி. ஆங்கு இறைவன் ஆரணியேசுவரன். ஆரணியமாவது காடு. மற்றொன்று தஞ்சை மாவட்டத்து மேலைத் திருக்காட்டுப்பள்ளி. ஆங்கு இறைவன் தீயாடியப்பன், அக்கினீசுவரன். எல்லாப் பொருளையும் எரித்தலால் தன்னைச் சார்ந்த பழிதீர அக்கினிதேவன் ஆங்கு வழிபட்டான் என்பது தலபுராணச் செய்தி. ஒரு பெயருடைய இரண்டு தலத்துள் ஒன்று காட்டின் பெயரால் இறைவனைக் குறிப்பதும், மற்றொன்று தீயின் பெயரால் அவனைக் குறிப்பதும் இப்பொருளை ஆராய்வார்க்கு நல்லதோர் குறிப்பாகின்றது. காட்டினர் உணவு கனியும் கிழங்கும் இலையும். மனையினர் உணவு தீயில் அட்ட அடிசில். இரண்டிற்கும் இறைவன் ஒருவனே.

இவ்விரண்டுமன்றி மூன்றாவதாக ஒரு காட்டுப்பள்ளி உண்டு. அது திருவொற்றியூர்க்கு வடக்கே, எண்ணூர்க் கழிமுகத்தைக் கடந்து, பழவேற்காட்டு ஏரிக்குத் தெற்கே, கடலுக்கும் உப்பங்கழிக்கும் இடையே கிடக்கும் மணற்பரப்பு. மீன்பிடித்து வாழும் குப்பங்களையுடைய அவ்விடம் இன்று பெருந்தொழில் நிலமாகியுள்ளது. எண்ணூர்த் துறைமுகம் 2001 இலும், காட்டுப்பள்ளித் துறைமுகம் 2013 இலும் திறக்கப்பெற்றன. அனல்மின் நிலையங்களின் புகைபோக்கிகளும், சாம்பற் குட்டைகளும், சரக்குப்பெட்டிகளை ஏற்றிச் செல்லும் லாரிகளின் நீண்ட வரிசையும் அப்பகுதியின் காட்சியாயின. இரவும் பகலும் முறைமாறி உழைப்போர், கிடைத்த வேளையிற் கிடைத்ததை உண்பர். பரோட்டாவும், எண்ணெயிற் பொரித்த பண்டமும், பன்முறை கொதித்த தேநீரும் பலர்க்கு நாள் முழுதுக்குமான ஆகாரமாய் அமைந்துவிடுகின்றன. ஆதலின், உணவிற் பசுமை சேர்த்தல் என்னும் கொள்கை பயன்படுமோ படாதோ என்பதனை உரைத்துப் பார்த்தற்கு இவ்வூரினும் தக்க கட்டளைக்கல் பிறிதொன்று இல்லை.

துறைமுகம் என்றவுடன் நினைக்கத்தக்க வரலாறு ஒன்றுண்டு. பண்டு ஐரோப்பிய மாலுமிகள் பல திங்கள் கரைகாணாது செல்லுங்கால், உலர்ந்த ரொட்டியும் உப்பிட்ட இறைச்சியுமே உண்டு, ஈறு வீங்கிக் குருதி கசிந்து, பழம்புண்ணும் மீளத் திறந்து மாண்டனர். ஸ்கர்வி என்னும் அந்நோயாற் கடலில் மாய்ந்தோர் எண்ணிறந்தோர். 1747 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் மருத்துவர், சாலிஸ்பரி என்னும் போர்க்கப்பலில் அந்நோயுற்றார் பன்னிருவரைத் தேர்ந்து, இருவர் இருவராகப் பகுத்து, ஒவ்வோரிணைக்கும் ஒவ்வொரு மருந்து அளித்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைந்து குணமெய்தினர். ஆயின் அவர் தாமே, பழங்கள் நெடும்பயணத்திற் கெட்டுப்போமெனக் கருதி, அவற்றின் சாற்றைச் சுண்டக் காய்ச்சிச் சேமிக்கும் முறையினையும் கூறினார். காய்ச்சிய சாறு ஆற்றல் குன்றியது. ஏன் குன்றியது என அக்காலத்து எவரும் அறிந்திலர். அப்பழத்தின் நோய் தீர்க்கும் பொருள் ஸி வைட்டமின் என்னும் உயிர்ச்சத்து என்பதும், அது வெப்பத்தாற் சிதைவது, நீரிற் கரைந்தொழிவது என்பதும் இருபதாம் நூற்றாண்டிலேயே தெளிவாயின. ஆங்கிலக் கடற்படையினர்க்கு எலுமிச்சைச் சாறு முறையாக வழங்கப்பெற்றது 1795 முதலாகவே. உண்மை கண்டதற்கும் அதனை வழக்கிற் கொண்டதற்கும் இடையே நாற்பத்தெட்டு ஆண்டுகள் கழிந்தன. பச்சையுணவின் பயனுக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

இக்கொள்கை மேனாட்டினின்றும் வந்த புதுமை எனக் கருதுவார், தமிழ் மனையின் இலையினை உற்று நோக்குவாராக. ஊறவைத்த பாசிப்பருப்பொடு வெள்ளரியும் தேங்காயும் கூட்டிய வடைப்பருப்பு, பானகம், நீர்மோர், தயிரிலிட்ட வாழைத்தண்டுப் பச்சடி, மல்லித்துவையல், நெல்லிக்காய், மாவடு, நுங்கு, இளநீர் ஆகிய இவை யாவும் அடுப்பேறாதன. திருக்கோயிலிலும், பச்சரிசிமாவும் வெல்லமும் சேர்ந்த மாவிளக்கும், வாழைப்பழமும் கற்கண்டும் தேனும் நெய்யும் கலந்த பழநிப் பஞ்சாமிர்தமும் தீயின்றியே ஆவன. திருவொற்றியூர்க் கடற்கரையிற் சமாதி கொண்ட பட்டினத்தடிகள் வரலாற்றில், கையிற் கொண்ட பேய்க்கரும்பு எவ்விடத்து இனிக்குமோ அவ்விடமே வீடுபேறெய்தும் இடம் எனத் திருவருட்குறிப்புப் பெற்றார் என்றும், அஃது ஒற்றியூரில் இனித்தது என்றும் வழங்குவர். ஆகவே பச்சையுணவைச் சேர்த்தல் என்பது மறந்ததனை மீளக் கொள்ளுதலே.

எனினும், இப்பொருட்குப் பெரியபுராணத்துள் நின்று ஒளிதரும் வரலாறு அரிவாட்டாய நாயனாருடையது. கணமங்கலத்துத் தாயனார் செந்நெல்லரிசியும் செங்கீரையும் மாவடுவும் நாடோறும் இறைவற்குப் படைப்பவர். செல்வம் சுருங்கியபின் கூலிக்கு நெல்லரிந்து, செந்நெல்லை இறைவற்காக்கித் தாம் கார்நெல் உண்டார். கார்நெல்லும் அற்றபோது கொல்லையின் கீரையே அவர்க்கு உணவாயிற்று. அதுவும் அற்றபோது நீரே உணவாயிற்று. ஒருநாள் படையலைச் சுமந்து செல்லுங்கால் பசித்தளர்ச்சியாற் கால்தடுமாற, யாவும் வயல்வெடிப்பிற் சிந்தின. இனிச் செய்வதென் எனக் கருவிகொண்டு தம் மிடற்றை அரியத் தொடங்கினார். அப்பொழுது அந்நிலவெடிப்பினின்றும் ஐயன் திருக்கை தோன்றித் தடுத்தது. மாவடுவைக் கடிக்கும் விடேல் என்னும் ஓசையும் உடன் எழுந்தது.

அவ்வோசை நினைந்து நினைந்து உருகத்தக்கது. சோறும் கீரையும் உண்ணுங்கால் ஓசை எழாது. தொண்டர் தம் படையல் வீணாகவில்லை என்பதனைச் செவியாற் கேட்டுத் தெளியும்படி இறைவன் கடித்துக் காட்டியது, தீயிற்படாத அந்த மாவடுவையே. ஆயினும் அவ்வரலாறு செந்நெல்லடிசிலையும் கீரையையும் மாவடுவையும் ஒருசேரவே வைத்துரைக்கின்றது. அவற்றுள் ஒன்றை உயர்த்தி ஒன்றை இழித்திலது. அட்டதும் அடாததும் ஒரே கூடையிற் சென்றன. நாடோறும் உண்ணும் உணவிற் பசுமை சேர்க்க விழைவார்க்கு இதுவே முறை.

இம்முறையைக் கடந்து சென்றவர் எய்தியதனைக் காந்தியடிகளின் சோதனை காட்டும். 1929 ஆம் ஆண்டு மே மாதத்தில் ஆந்திர நாட்டுச் சுற்றுப்பயணத்தின்போது, இராஜமகேந்திரபுரத்தில் சுந்தரம் கோபாலராவ் என்பவர் தூண்டுதலால், அடிகள் சமையாத உணவே உண்டு வாழும் சோதனையைத் தொடங்கினார். முளைகட்டிய கோதுமை எட்டுத் தோலா, அரைத்த பாதாம்பருப்பு எட்டுத் தோலா, இடித்த பச்சிலை எட்டுத் தோலா, எலுமிச்சை ஆறு, தேன் இரண்டு அவுன்சு என அளவும் வகுத்துக்கொண்டார். பாலின்றி வாழும் வழி இதனாற் கிடைக்கும் என்பது அவரது பெருவிருப்பம். ஆசிரமத்தவர் பலரும் உடன் சேர்ந்தனர். அச்செய்தி அவரது பத்திரிகையில் வெளிப்படையாகவே வெளிவந்தது. ஆயின் சில திங்களில், ஆகஸ்டில், வயிற்றுக்கடுப்பு அவரைத் தளர்த்தியது. சோதனையை நிறுத்தி ஆட்டுப்பாலுக்கு மீண்டார். அதனையும் மறையாது எழுதினார்.

தோல்வியுற்றதாயினும் அச்சோதனையின் பயன் வீண்போயிற்றில்லை. முற்றப் பச்சையுணவே உண்ணும் நெறியைக் கைவிட்ட அடிகள், பச்சையிலையைக் கைவிட்டாரில்லை. பின்னர் 1942 இல் பூனாவில் ஆகாகான் மாளிகையிற் சிறையிருந்தபோது உடல்நலம் பற்றித் தொடங்கிய நூலில், வெள்ளரி, தக்காளி, இளந்தழை போல்வன சமைக்கவேண்டுவதில்லை, நன்கு கழுவிச் சிறிதளவு பச்சையாகவே உண்ணத்தகும் என்னும் கருத்தை அமைத்தார். எட்டுத் தோலாவினின்றும் சிறிதளவிற்கு வந்த அவ்வழியே, பிறர் மீளவும் நோயுற்றுக் கற்கவேண்டாத பாடமாம்.

இனி, இக்கொள்கைமேல் நிகழும் தடைகள் சில உள. முளைகட்டிய பயறு உயிருள்ளதன்றோ, அதனை மென்று உண்டல் புலால் மறுத்தார்க்குப் பொருந்துமோ எனின், அரிசியும் பருப்பும் வித்தின் பகுதியே. அவற்றை உலையிலிட்ட காலத்தும் முளைக்கும் ஆற்றல் அழிகின்றது. ஆகலின் அடுதலும் அடாமையும் பற்றி இதன்கண் வேற்றுமை இன்று. உடம்பெடுத்த உயிர் ஓரறிவுயிரின் உதவியின்றி வாழ்தல் கூடாமையின், சைவர் அத்தீங்கினைச் சிறிதாக்க முயல்வர். கொடியை அழியாது காயையும், செடியை வேரொடு பறியாது இலையையும், தானே கனிந்துதிர்ந்த பழத்தையும் கொள்ளுதல் அம்முயற்சிக்கு இசைந்ததே. கொண்டதனை வீணாக்காமை அதனினும் இசைந்தது.

பச்சையுணவே சாத்துவிகம், சமைத்தது தாழ்ந்தது என்பாரும் உளர். இஃது உணவின் வழியே ஆணவம் நுழைதற்கு வாயிலாகும். தன் இலையிற் பழமிருத்தலால் அயலார் இலையிற் சோறிருத்தலை இகழ்வானுக்கு அப்பழம் மருந்தாமாறு இல்லை. சென்னையில் வாழ்ந்து ஒற்றியூர் இறைவனைப் பன்னாளும் வழிபட்ட இராமலிங்க அடிகள், 1867 மே 23 ஆம் நாள் வடலூரில் தருமச்சாலையைத் தொடங்கி அடுப்பேற்றினார். அவ்வடுப்பு இன்றளவும் அணையாது பசித்தார்க்குச் சோறளிக்கின்றது. பசித்த வயிற்றின்முன் எரியும் தீ இழிந்ததாயின், உயர்ந்ததென ஒன்றுமில்லை. அறிவியலும் இதற்கு முரணாகாது. தானியமும் பருப்பும் வெந்தபின்னரே எளிதிற் செரிக்கும். மரவள்ளிக்கிழங்கின் நஞ்சும், கருணையின் அரிப்பும் முறையாகச் சமைத்தலாலேயே நீங்கும். மஞ்சள் முள்ளங்கி, தக்காளி முதலியவற்றின் நிறச்சத்துக்கள் சிறிது எண்ணெயொடு வெந்தகாலை உடம்பிற் செறிதல் மிகும். தீயால் இழப்பனவும் உண்டு. தீயாற் பெறுவனவும் உண்டு. ஆதலின் இரண்டும் வேண்டும்.

மூன்றாவது தடையே காட்டுப்பள்ளியில் வலியது. பழமும் காயும் செல்வர்க்கன்றோ கிட்டும், நாட்கூலியாளர் யாது செய்வர் என்பது அது. கப்பலேறி வரும் ஆப்பிளே பழமெனக் கொள்வார்க்கு இத்தடை மெய்யாம். ஆயின் ஊர்க்கொய்யாவில் உள்ள ஸி உயிர்ச்சத்து ஆப்பிளில் உள்ளதனினும் பன்மடங்கு மிக்கது. நெல்லிக்காய், எலுமிச்சை, வெள்ளரி, மல்லித்தழை, ஒரு கைப்பிடி பாசிப்பயறு இவை பெரும்பொருள் வேண்டாதன. உலக சுகாதார நிறுவனம் காயும் கனியும் சேர்ந்து நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் வேண்டுமென்கின்றது. அவ்வளவும் பச்சையாக இருத்தல் வேண்டுமென்பதன்று. அதனுள் ஒரு பகுதி அடுப்பேறாதிருப்பின் அமையும்.

விலையினும் பெரிய இடர் தூய்மை. மீஞ்சூர்ப் பக்கத்து நிலத்தடி நீரிற் கடல்நீர் ஊடுருவியமை நெடுங்காலச் செய்தி. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010 இல் இக்காட்டுப்பள்ளியிலேயே திறக்கப்பெற்றது. நாளொன்றுக்குப் பத்துக்கோடி லிட்டர் நன்னீர் ஆக்குமாறு அஃது அமைக்கப்பெற்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல்மழையை அடுத்து எண்ணெய்க் கசிவு எண்ணூர்க் கழிமுகத்திற் படர்ந்து, அலையாத்தி மரங்களிலும் மீனவர் வலைகளிலும் கரியதாய்ப் படிந்தது. இத்தகைய நிலத்தில், சாம்பற் குட்டையின் அருகிலும் கழிவோடையின் கரையிலும் முளைத்த கீரையைப் பறித்துப் பச்சையாக உண்டல் தகாது. இலைமேற் படிந்த தூசியைக் கழுவலாம்; வேர்வழியாக ஏறியதனைக் கழுவுதல் இயலாது. நன்னிலத்து விளைந்தது எனத் தெரிந்த காய்களையே கொள்ளல் வேண்டும். தோலுரித்து உண்ணத்தக்க வாழை முதலியன ஐயத்துக்கு இடமான இடத்தும் ஓரளவு காவலுடையன.

முளைப்பயற்றிலும் கருத்துடைமை வேண்டும். ஈரமும் வெதுவெதுப்பும் முளைக்கு உதவுதல்போலவே நோய்க்கிருமிக்கும் உதவும். 2011 இல் ஜெர்மனி நாட்டில் வெந்தயமுளை வழியே பரவிய கொடுங்கிருமியால் ஏறத்தாழ 4,000 பேர் நோயுற்றனர். ஐம்பதின்மர்க்கு மேற்பட்டோர் மாண்டனர். முதலில் வெள்ளரிக்காயின்மேற் பழி சுமத்தப்பட்டுப் பின்னரே உண்மை புலனாயிற்று. ஆகலின் முளைப்பயற்றைத் தூய நீரில் ஊறவைத்துப் பலகாலும் அலசி, மணம் மாறியதனை நீக்கி, முதியோரும் சிறுவரும் கருவுற்ற மகளிரும் அதனை ஆவியிற் சிறிது வேகவைத்தே உண்ணுதல் நன்று. காய்கனிகளைக் கழுவும் நீர் ஐயத்துக்கு இடமாயின் அதனைக் கொதிக்கவைத்து ஆற்றிக்கொள்ளல் வேண்டும். பச்சையுணவுக்கும் தீயே காவலாகும் இடம் இதுவாம். சிறுநீரக நோயுடையார் சில கனிகளாலும் இளநீராலும் கேடுறுதல் கூடும். நீரிழிவுடையார்க்குக் கனியின் அளவு எல்லையுடையது. இவர்கள் தம் மருத்துவரை வினாவியே தொடங்குதல் வேண்டும்.

இவற்றையெல்லாம் நோக்கின், நடைமுறைக்கு ஒத்த ஒழுங்கு எளிதாகின்றது. வழக்கமான சோற்றையும் குழம்பையும் விடாது, முதற்கண் ஒருவேளை உணவில் ஒரு கைப்பிடி வெள்ளரியோ பச்சடியோ சேர்க்க. வயிறு அதற்கு இசைந்தபின், மாலையிற் பொரித்த பண்டத்துக்கு ஈடாக ஒரு கொய்யாவோ நெல்லியோ கொள்க. வாரத்திற் சிலநாள் முளைப்பயறு கூட்டுக. அமாவாசை, பிரதோடம், சோமவாரம் முதலிய விரதநாள்களிற் பலகாரத்தால் வயிற்றை நிறைக்கும் வழக்கினை மாற்றிக் கனியும் நீர்மோருமாக ஒருபொழுது இருக்க. முன்னுண்டது அற்றபின் அளவறிந்து உண்க என வள்ளுவர் மருந்ததிகாரத்துட் கூறிய நெறி, பச்சையுணவுக்கும் விலக்கன்று. காந்தியடிகள் எய்திய நோயும் இந்நெறியை வலியுறுத்துவதேயாம்.

முடிவாக ஒரு சொல்லை நோக்குதல் தகும். சமையலும் பாகம் எனப்படும். கனிதலும் பாகம் எனப்படும். உயிரின் மலம் கழலுந் தகுதி எய்துதலும் பரிபாகம் எனப்படும். மரத்திற் கனிந்த பழத்தையும் சமையாதது என்றல் முற்றும் பொருந்தாது. இறைவனின் எண்வடிவத்துள் ஒன்றாகிய ஞாயிறு தன் வெம்மையால் அதனைப் பன்னாளாகப் பக்குவஞ் செய்தது. அடுப்புத்தீ ஒரு நாழிகையிற் செய்வதனை ஞாயிறு ஒரு பருவத்திற் செய்கின்றது. அதன்பின் உடம்பினுள்ளே உள்ள உணவுத்தீ எஞ்சியதனைச் செய்கின்றது. இம்மூன்று தீயும் தத்தம் அளவில் நின்று தொழிற்படுங்கால் உடம்பு நன்னிலையெய்தும்.

பிஞ்சைக் கல்லால் அடித்து வீழ்த்துதலும், கனிந்ததனை அழுகவிடுதலும் ஒருதன்மைய. ஒருநாளிலே உணவை முற்றும் மாற்ற முயல்வான் பிஞ்சை அடிப்பவன்; அறிந்தும் மாற்றாதவன் கனியை அழுகவிடுபவன். இறைவற்கு ஒரு பச்சிலை சாத்தி, பசுவிற்கு ஒருவாய் அளித்து, வறியார்க்கு ஒரு பிடி ஈந்து, எஞ்சிய சோற்றையும் கீரையையும் ஒரு மாவடுவையும் திருவருளை நினைந்து உண்பார் இல்லத்தில், அடுப்புத்தீயும் அடங்கியெரியும், நோய்த்தீயும் அணுகாதொழியும்.